நேராக நட்ட பதினெட்டு மூங்கில்கள்

நாலாம் கொட்டகை வளர்ந்ததற்குக் காரணம் பாவாயியின் பிடிவாதம், வேறொன்றுமில்லை. இதில் தெய்வத்தை இழுக்க வேண்டாம், மண்ணில் ஏதோ உரச்சத்து இருந்திருக்கும் என்று விளக்கம் சொல்லவும் வேண்டாம், ஒரு பெண் பிடித்த பிடியில் நின்றாள் என்றால் உடனே அதற்கு வேறு காரணம் தேடுகிற பழக்கத்தை இந்த ஒரு கதைக்காவது விட்டுவிடுவோம்.

சயாம் காட்டுக்குள் சப்பான்காரன் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து மூன்று மாத வேலை, நல்ல சோறு, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லி ஆணும் பெண்ணுமாகச் சரக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுவந்தவர்களில் முந்நூற்றுச் சொச்சம் பேர் ஆற்றின் வளைவில், அறுபது முழம் செங்குத்தாக நிற்கிற ஒரு பாறைச் சுவரின் அடியில் இறக்கிவிடப்பட்டார்கள். இவர்களைக் கைதிகள் என்று யாரும் எழுதவில்லை, கூலிகள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். திரும்பிப் போகிறேன் என்று நாலு எட்டு வைத்தால் சுடப்படுகிறவனை வேறு எந்தப் பெயரால் அழைப்பது என்று எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே முள்கம்பி இல்லை. முன்னால் ஆறு, பின்னால் பாறை, இரண்டு பக்கமும் காடும் காவல் கூண்டும், அவ்வளவு போதுமாக இருந்தது.

தங்கும் கொட்டகைகளைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். மூங்கில் கால், மூங்கில் பரண், அத்தாப்பு ஓலைக் கூரை, ஆளுக்கு ஒன்றரைச் சாண் அகலத்தில் படுக்கை. மூங்கில் கொண்டுவந்து போட்ட சயாம்காரர் வெற்றிலையை மென்றபடி, கால்களைத் தலைகீழாக நடுங்கள் என்று கையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டினார். பச்சை மூங்கிலை நேராக நட்டால் துளிர்த்துக்கொண்டு கிளம்பிவிடும் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முத்திருளன் கங்காணிக்கு அது புரிந்தது. மூன்று கொட்டகைகளின் கால்களும் தலைகீழாகவே இறங்கின. நாலாவதற்குக் குழி தோண்டியது பெண்கள் கூட்டம், அதற்குத் தலைமை பாவாயி. அவள் தோட்டத்தில் நாலு வருஷம் ரப்பர் நாற்றுமேடையில் வேலை செய்தவள், கன்றின் வேர் மடங்கினால் தன் விரல் மடங்கியது போலக் கையை உதறுகிறவள்.

"இதுங்க செத்த மரமில்ல கங்காணியாரே. பச்சையா இருக்குது, அடியில கிழங்கு கூட ஒட்டியிருக்குது. உசுரோட இருக்கறதைத் தலைகீழா நட எனக்குக் கை வராது" என்றாள்.

"இங்க எல்லாரையும் தலைகீழாத்தான் நட்டு வச்சிருக்கான். மூங்கிலுக்கு மட்டும் என்னம்மா தனி மரியாதை?" என்றார் கங்காணி.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கங்காணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவிட, பதினெட்டுக் கால்களையும் பாவாயி வேர்க் கிழங்கு கீழே இருக்க, நுனி மேலே இருக்க, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி நேராகவே நட்டுவிட்டாள்.

அந்த நாலாம் கொட்டகையைத்தான் நோயாளிகளுக்கு ஒதுக்கினார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு முழுப்படி, படுத்தவனுக்கு அரைப்படி என்பது சட்டமாக இருந்ததால் அங்கே போனவர்கள் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் பாயோடு வெளியே வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பாவாயியின் புருஷன் செங்கோடன் அங்கே போனது முகாமுக்கு வந்த பதினோராம் நாள். ரயில்பாதைக் கல் சீவிய முழங்கால் கீழ்ப்புண் புரையோடி எலும்பைக் காட்டிக்கொண்டிருந்தது. டிரெசர் அருளப்பன், தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், இங்கே துணியும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் வெறும் கையோடு நின்றவர், புண்ணைப் பார்த்துவிட்டு செங்கோடனின் தோளைத் தட்டினார். செங்கோடன் ரப்பர் மரம் கீறுகிற தன் பால்வெட்டுக் கத்தியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போனான். தோட்டத்திலிருந்து அவன் கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான்.

அவன் போன மூன்றாம் நாள் பரணில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. ஆறாம் நாள் கஞ்சி கொடுக்க வந்தவர்கள் கையை உயர்த்திக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் ஏணி வைத்தார்கள். பதினெட்டுக் கால்களும் கணு கணுவாக நீண்டு, பரணையும் கூரையையும் முப்பத்தொரு நோயாளிகளையும் கலையாமல் தூக்கிக்கொண்டு, நாளைக்கு ஒரு முழம் என்கிற கணக்கில், பாறைச் சுவரை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் மற்றச் சத்தமெல்லாம் அடங்கியிருக்கும்போது காது கொடுத்தால் நெறுநெறுவென்று அது வளர்கிற சத்தம் கேட்கும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தி பாரம் தூக்குவது போல.

யாரும் வியந்து கூவவில்லை. மூன்று மாதம் என்றவன் திரும்பிப் போகிறவனைச் சுடுகிறான், சோறு என்றவன் புழுத்த அரிசியைக் கரைத்து ஊற்றுகிறான், நேற்றுப் பக்கத்தில் படுத்தவன் இன்று இல்லை, இதெல்லாம் நடக்கும்போது ஒரு கொட்டகை வளர்வதா நடக்கக்கூடாதது? ஆனால் அதன் அடியில் போகும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். ஆண்கள் தலைத்துணியை எடுத்துவிட்டு நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பனி விலகும் நேரத்தில் பரணின் அடிப்பக்கத்தில் பிளந்த மூங்கில் பிளாச்சு இடுக்குகள் வழியே வெளிச்சம் கோடு கோடாக இறங்கும், அந்தக் கோடுகளுக்கு நடுவில் முப்பத்தொரு முதுகுகள் நிழலாகத் தெரியும், அவ்வளவு உயரத்தில் அத்தனை மூச்சையும் தாங்கிக்கொண்டு பதினெட்டே கால்கள் அசையாமல் நிற்கும். காவல்காரன்களில் தங்கப்பல் கட்டியவன் ஒருவன் இருந்தான், அடிக்காமல் பேசவே தெரியாதவன். அவன்கூட ஒருநாள் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு காலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான், பிறகு கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

வழக்கங்கள் தாமாக ஏற்பட்டன. ஏணி எட்டாமல் போன பிறகு கொடிக்கயிறும் கூடையும் வந்தன. சாயங்காலம் ஆளெண்ணும் பெரட்டுக்கு நோயாளிகள் கீழே வர முடியாது. முன்பு காவல்காரன் குச்சியால் பாதத்தைத் தட்டித் தட்டி எண்ணுவான், குச்சி எட்டாத உயரம் வந்ததும் அவர்கள் மேலேயிருந்தே சப்பான் எண்ணிக்கையில் இச்சி, நி, சான் என்று ஆளுக்கு ஒரு எண்ணாகச் சொல்ல, அவன் கீழே நின்று காகிதத்தில் எழுதிக்கொண்டான். அரைப்படி தின்கிறவர்கள் தொல்லையில்லாமல் தொலைவில் இருந்தால் சரி என்று மேலதிகாரியும் விட்டுவிட்டார். வயிறு கெட்ட ஆட்கள் மேலே இருந்தார்கள் என்பதால் அடியில் நடக்கிறவர்களுக்கு ஒரு சிரமம் இருந்தது. மேலே ஒருவன் "மழை வருது" என்று குரல் கொடுத்தால் வானம் வெளுத்திருந்தாலும் ஓடிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவள் ஒச்சாயி. புருஷனையும் தம்பியையும் முதல் மாதமே எரித்துவிட்டு, அதற்குப் பிறகும் வாய் ஓயாதவள், வேலைத்தலத்தில் பாட்டெடுத்துக் கொடுக்கிறவள்.

"அரைப்படி திங்கறவனுக்கு இவ்வளவு மழையா?" என்று அவள் அண்ணாந்து கேட்டதற்கு, "உனக்காகச் சேர்த்து வச்சதுக்கா" என்று மேலேயிருந்து பதில் வந்தது. அன்றைக்கு முகாமில் பலர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்கள்.

மேலே என்ன தெரிகிறது என்று கேட்பது இன்னொரு வழக்கமானது. ஆறு ரெண்டு வளைவு தெரிகிறது, பாதை போட்ட தூரம் தெரிகிறது என்று செங்கோடன் சொல்லுவான். நம்ம தோட்டம் தெரிகிறதா என்று யாரோ கேட்டார்கள். பூமி உருண்டை, அறுபது முழம் ஏறினாலும் மலாயா தெரியாது என்று டிரெசர் வாதாடிப் பார்த்தார். அவர் சொன்னது சரிதான், யாரும் மறுக்கவில்லை, ஆனாலும் மறுநாளும் போய்க் கேட்டார்கள். செங்கோடன் பொய் சொல்லவில்லை. "தெக்க ஒரு புகை தெரியுது, அது யார் வீட்டு அடுப்புன்னு இங்கிருந்து சொல்ல முடியல" என்பான். அந்தப் புகையை முந்நூறு பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கொட்டகை முப்பத்தெட்டு முழம் ஏறியிருந்தபோது பாலம் கட்டும் எஞ்சினியர் வந்தார். மெலிந்த மனிதர், கோடு கோணலாக இருந்தால் வயிறு வலிக்கிறவர் போல முகம். வளர்ந்ததைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கால்களைத் தட்டிப் பார்த்தார், கண்ணை இடுக்கி நேர் பார்த்தார், இவ்வளவு நீளத்தில் இவ்வளவு நேரான மூங்கில் இந்தக் காட்டிலேயே கிடையாது என்றார். ஆற்றின் நடுவில் மூன்றாம் தூண் இருபத்துநாலு நாளில் எழும்பிவிடும், அதற்கு முட்டுக்கொடுக்க இந்தப் பதினெட்டும் வேண்டும், வேரோடு பெயர்த்தெடுங்கள், ஒரு சாண்கூட வீணாகக் கூடாது என்றார். அப்படியானால் மேலே இருக்கிறவர்கள்? கங்காணி அரைகுறை மொழியில் கேட்டதற்கு எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். பதில் அவ்வளவுதான். இந்தப் பதிலை நான் எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன், அதற்குள் ஒரு மனிதத் தயக்கமாவது இருந்திருக்கும் என்று வாதாட இடம் தேடினேன், கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாவாயி பாறை உச்சியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். இன்னும் இருபத்திரண்டு முழம். நாளைக்கு ஒரு முழம் என்றால் இருபத்திரண்டாம் நாள் பரண் பாறையின் விளிம்போடு சமமாகும், முப்பத்தொரு பேரும் வாசற்படி தாண்டுவது போலத் தாண்டி உச்சியில் கால் வைக்கலாம், அப்புறம் காடு, காட்டுக்கு அப்பால் ரயிலும் சப்பான்காரனும் எட்டாத மலைச் சனங்களின் ஊர்கள். கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும். கயிற்றுக் கூடையில் கஞ்சியோடு இந்தக் கணக்கும் மேலே போயிற்று. மேலே இருந்தவர்கள் அன்றிலிருந்து அண்ணாந்து பாறையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் முகாமுக்குள் வாந்திபேதி வந்தது.

ஆற்றுத் தண்ணீரில் வந்தது. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று டிரெசர் கொட்டகை கொட்டகையாகப் போய்க் கெஞ்சினார், ஆனால் மழையில் ஊறிய விறகு எரியவில்லை, எரிந்த விறகையெல்லாம் பிணங்கள் எடுத்துக்கொண்டன. ஒரே நாளில் ஒன்பது பேர், மறுநாள் பதினான்கு. நாலாம் கொட்டகையில் மட்டும் ஒருவர்கூடச் சாகவில்லை. டிரெசர் கீழே நின்று, நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்று கூவிக் கேட்டார். பதிலுக்குக் கூடை இறங்கியது, அதில் ஒரு மூங்கில் குவளை, அதில் தண்ணீர், நல்ல தண்ணீர், இளம்புல் வாசனையோடு சில்லென்று. கணுவுக்குக் கணு மூங்கில் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தது. செங்கோடன் தன் கால்மாட்டுக்குப் பக்கத்தில் இருந்த மூங்கில் காலில் தன் கத்தியால் ரப்பர் மரத்துக்குப் போடுவது போலவே சாய்வாக ஒரு கீறல் போட்டு, அதில் வடிந்ததை இத்தனை நாளும் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில் கீழேயிருந்தவர்களில் தேர்ந்த பால்வெட்டு ஆட்கள் பதினெட்டுக் கால்களுக்கும் கீறல் போட்டார்கள். தோட்டத்துப் பழக்கம் அப்படியே வந்தது. பட்டை ஆழத்துக்கு மேல் போகாத கீறல், அதன் முனையில் தகரத் துண்டு, அதன் கீழே தோட்டத்தில் பால் பிடிக்க மங்கு கட்டுவது போலவே மூங்கில் குவளை. கத்திக்குப் பதில் தீட்டிய தகர விளிம்பு, அது அவ்வளவு நன்றாக வெட்டவில்லை, ஆனாலும் வெயில் ஏறுவதற்குள் ஆளுக்கொரு மடக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டே பேர்தான் செத்தார்கள்.

அன்றைக்குக் கொட்டகை ஏறவில்லை.

ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. வடிந்த தண்ணீர்தான் அதன் வளர்ச்சி. கீழே இருப்பவர்கள் குடிப்பது மேலே இருப்பவர்களின் முழத்தை. இது புரிந்த சாயங்காலம், வேலை முடிந்து வந்தவர்கள் கால்களைச் சுற்றி நின்றார்கள்.

"முப்பத்தோரு பேர் மலையேறணும்னு முந்நூறு பேர் பேதியில போகணுமா? நான் சும்மா கேக்கறேன். என் வீட்டு ஆளு ரெண்டு பேரு சாம்பலாயிட்டாங்க, எனக்கு மேல யாருமில்ல. இருக்கறவ வேற மாதிரிதான் பேசுவா" என்றாள் ஒச்சாயி.

எல்லாரும் பாவாயியைப் பார்த்தார்கள்.

"என் மாமன் மேல இருக்காரு, ஆமா. அதுக்காகப் பேசறேன்னே வச்சுக்க. இன்னிக்கு வெட்டினா நாளைக்கும் வெட்டணும். கெடு வரும்போது அவங்க அந்தரத்துல நிப்பாங்க. அப்ப நாம தண்ணி குடிச்ச வாயோடதான் அவங்களைச் சாய்ப்போம். அதையும் சேர்த்து யோசிச்சுட்டு வெட்டுங்க" என்றாள் பாவாயி.

இரண்டு பேரும் சொன்னது நியாயம். இரண்டு நியாயங்களும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு, பிடிக்கிறவர்களைப் பார் எவ்வளவு கொடியவர்கள் என்று தூரத்தில் நின்று சொல்லுவதற்கு இந்த உலகத்தில் எப்போதும் ஆட்கள் உண்டு.

அப்போது கூடை இறங்கியது. யாரும் எதுவும் கேட்டு அனுப்பவில்லை. பேச்சு மேலே கேட்டிருக்க வேண்டும். மழையில் மெல்லச் சுழன்றுகொண்டு இறங்கிய கூடையில் சோறில்லை, குவளையில்லை, செங்கோடனின் பால்வெட்டுக் கத்தி மட்டும் இருந்தது, விளிம்பு புதிதாகத் தீட்டப்பட்டு. நல்ல கத்தியாலேயே வெட்டிக்கொள்ளுங்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்? பாவாயி அதை எடுக்கவில்லை. ஒச்சாயிதான் எடுத்தாள். எடுத்து அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "தோட்டத்துல எப்படி வெட்டுவோம்? தினமுமா வெட்டுவோம்?"

தினமும் வெட்டினால் பட்டை காய்ந்துவிடும். ஒருநாள் வெட்டு, ஒருநாள் ஓய்வு. அது அங்கே நின்ற எல்லார் கைக்கும் தெரிந்த கணக்கு. ஓய்வு நாளுக்கான தண்ணீரை முதல்நாளே சேர்த்துவைக்கலாம் என்றார் டிரெசர். ஆனால் அப்படி வெட்டினாலும் பாதி நாள் போய்விடுமே, பாறைக்கு எட்டாதே என்றாள் பாவாயி.

"எட்டாது. அவன் பாலம் மட்டும் ஏன் எட்டணும்?" என்றாள் ஒச்சாயி. "கொட்டகை ஏறாத நாள்ல பாலமும் ஏறாது. தூணை இறக்கற பாட்டை எடுத்துக் குடுக்கறது நான்தானே."

ஆற்றுக்குள் தூண் மரங்களை இறக்கியது அப்படித்தான். உயரத்தில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் ஒரு முனையில் ஆளுயர இரும்புக் குண்டு, மறுமுனையில் நூறு பேர். ஒச்சாயி பாட்டெடுத்துக் கொடுக்க, பாட்டின் இழுப்பில் குண்டு ஏறி, பாட்டு அறுந்த இடத்தில் விழுந்து மரத்தை அறையும். மறுநாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், குண்டு பாதி ஏறும்போதே பாட்டு அறுந்தது. சத்தம் குறையவில்லை, வியர்வை குறையவில்லை, நூறு பேர் கழுத்து நரம்பு தெறிக்க இழுத்தார்கள், பாட்டு மட்டும் வானத்துக்கு ஏறியது, குண்டு இடுப்புயரம் ஏறி விழுந்தது, மரம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. மண் கெட்டியாகிவிட்டது என்று கங்காணி எஞ்சினியரிடம் சொன்னார். அப்படிச் சொல் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்காக அவர் தலைக்கு மேல் பாறாங்கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார், ஒச்சாயி நின்றாள், சில நாள் எல்லாருமே நின்றார்கள், தங்கப்பல்காரன் பிரம்போடு வரிசையாக வந்தான். ஆனால் கொட்டகை ஏறாத நாளில் பாலமும் ஏறவில்லை, ஏறிய நாளில்தான் ஏறியது, ஒரு துலாக்கோலின் இரண்டு தட்டும் போல அந்த இரண்டும் சமமாகவே நின்றன, கெடு ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே போயிற்று.

வாந்திபேதி வடிந்து, மழையும் வடியத் தொடங்கிய ஒரு காலையில் பரண் பாறையின் விளிம்பைத் தொட்டது. கீழிருந்து பார்த்தவர்களுக்குப் பனிதான் தெரிந்தது. பனிக்குள் பிளாச்சுகள் ஒவ்வொன்றாக லேசாகி நிமிர்கிற கிரீச்சிடல் கேட்டது. ஒன்று, இரண்டு என்று பாவாயி எண்ணினாள். முப்பது வரை எண்ணினாள். முப்பத்தொன்றாவது கேட்கவில்லை.

செங்கோடனின் புண் ஆறி வந்தாலும் ஊன்றுகோலோடு பத்தடி நொண்டுவான், அவ்வளவுதான். ஓடுகிறவர்கள் சப்பான்காரனுக்குத் தெரிவதற்குமுன் மூன்று நாள் நடை தாண்டியாக வேண்டும். அதனால் அவன் பரணிலேயே இருந்துவிட்டான். அன்று சாயங்காலப் பெரட்டில் நாலாம் கொட்டகை வழக்கம்போல எண்ணிச் சொன்னது: கரகரத்த இச்சி, மூக்கால் பேசும் நி, இருமிக்கொண்டே வருகிற சான். மாதக்கணக்கில் ஒன்றரைச் சாண் இடைவெளியில் படுத்தவனுக்கு அடுத்தவன் தொண்டை தெரியாதா? முப்பத்தொரு குரலிலும் செங்கோடனே சொன்னான். காவல்காரன் எழுதிக்கொண்டான். கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். பாவாயிக்கு மட்டும் எல்லாக் குரலுக்குள்ளும் ஒரே குரல் கேட்டது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் காலை, தூண் எழும்பிவிட்டது என்று எஞ்சினியர் ஆட்களோடு வந்தார். பனி அன்றைக்கு இடுப்பளவிலேயே தொடங்கியது. முந்தின நாள் பெரட்டுக் கணக்குப்படி மேலே முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அந்தக் காகிதம் எஞ்சினியரின் கையிலேயே இருந்தது. அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெயர்க்கச் சொன்னார். இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"நட்டவளே மொத வெட்டு வெட்டட்டும்" என்று கங்காணி மண்வெட்டியைக் கொண்டுவந்து பாவாயியின் கையில் கொடுத்தார். சுற்றியிருந்தவர்களுக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. ஆனால் கொடுக்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

தோட்டத்தில் விடியல் இருட்டில் பால் வெட்டப் போகிறவர்கள் நிரைக்கு நிரை ஒருவரையொருவர் தேடக் கொடுக்கிற குரல் ஒன்று உண்டு. வார்த்தை இல்லாத நீண்ட கூவல். பாவாயி மண்வெட்டியை ஓங்கிக்கொண்டே அந்தக் குரலைக் கொடுத்தாள். தங்கப்பல்காரன் திரும்பிப் பார்த்தான். பனிக்குள் ஒன்றும் அசையவில்லை. மண்வெட்டி அவள் தலைக்கு மேல் நின்றது, அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் அங்கே நின்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுவார்கள்.

பிறகு பதில் வந்தது. ஒரு கூவல், அதன் பின்னாலேயே அதைப் போலவே இன்னொன்று, கொஞ்சம் மெலிந்து.

அத்தாப்புக் கூரைக்குள் இருந்து கூவினால் குரல் ஒன்றுதான் வரும், ஓலை அதைக் குடித்துவிடும். பாறைதான் திருப்பிச் சொல்லும். அவன் பாறைமேல் நின்றான். பாவாயி மண்வெட்டியை இறக்கினாள்.

பதினெட்டுக் கால்களும் பெயர்ந்து கொட்டகை சாய்ந்தபோது ஓலையும் பிளாச்சும் ஒரு மூங்கில் குவளையும் விழுந்தன. வேறு எதுவும் விழவில்லை. எஞ்சினியர் ஓலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முப்பத்தொரு பேர் கொட்டகை ஏறி மலைமேல் நடந்து போய்விட்டார்கள் என்று எந்த அதிகாரியும் மேலிடத்துக்கு எழுத முடியாது. ஆகவே, வாந்திபேதியில் முப்பத்தொருவர் மரணம் என்று எழுதினார்கள். கைதிகளாக வேலை செய்து செத்த வெள்ளைக்கார வீரர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறையும் கல்லில் பெயரும் வைத்த அந்தப் பாதையோரத்தில் நம் ஆட்களுக்கு இருப்பது இந்த மாதிரித் தாள்கள்தாம். அந்தத் தாளை நம்புகிறவர்கள்தான் இந்தக் கதையை நம்ப முடியவில்லை என்கிறார்கள்.

மூங்கில்கள் பாலத்துக்குப் போயின. ஆற்றின் நடுவில் மூன்றாம் தூணைச் சுற்றிச் சேற்றில் அவற்றை நட வேண்டியது பெண்கள் கூட்டத்தின் வேலை. எந்தப் பக்கம் கீழே என்று கங்காணி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. கரையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

முதல் ரயில் போனபோது பாலம் எஞ்சினியர் போட்ட கோடு போல நேராக இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் நடுப்பாலம் ஒரு முழம் உயர்ந்திருந்தது. அளவெடுக்க வந்தவர்கள் மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டு, நடு உயரவில்லை, இரண்டு கரையும் தாழ்ந்துவிட்டன என்று எழுதிவைத்தார்கள். அதற்கு அடுத்த மழையில் இன்னும் ஒரு முழம். வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பாலம் வந்தால் வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஏறி, உச்சியில் கிட்டத்தட்ட நின்று, பிறகு இறங்குவார்கள்.

சண்டை முடிந்து, மிச்சமிருந்தவர்களைத் திரும்ப மலாயாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது அதே பாதையில்தான். பெட்டியின் திறந்த கதவருகில் பாவாயியும் ஒச்சாயியும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பாலத்தில் ஏறியது, மூச்சு வாங்கியது, உச்சியில் ஊர்ந்தது. அங்கே பதினெட்டு மூங்கில்களின் இளந்துளிர்கள் தண்டவாளத்துக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில், ஒரு கொம்பைக் கையால் பிடித்தபடி, மலைச் சனங்களின் துணியை உடுத்தி, அக்குளில் ஊன்றுகோலோடு ஒரு ஆள் நின்றான், வண்டி தனக்காகத்தான் மெதுவாகிறது என்று தெரிந்தவன் போல.

ஓடி ஏற முடிகிற கால் இல்லை அது. ஓட வேண்டியிருக்கவும் இல்லை. ஒச்சாயி ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள், பாவாயி கையைக் கொடுத்தாள், அவன் வாசற்படி தாண்டுவது போல ஏறி உட்கார்ந்தான். பிறகு அவன் பின்னால் திரும்பிப் பாலத்தின் முதுகைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"இதையும் நேராத்தான் நட்டியா, புள்ள?"

"எனக்கு வேற மாதிரி நடத் தெரியாதே, மாமா" என்றாள் பாவாயி.